கையை விடச் சொன்னவர்

முதல் நாள் அவர் என்னிடம் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "கைய விடுங்க" என்றார்.

என் மகன் பிரவீனை அப்போதுதான் இடுப்பிலிருந்து இறக்கி, கையைப் பிடித்து நிறுத்தியிருந்தேன். அவனுக்கு நாலு வயது முடிந்திருந்தது. மூளை வளர்ச்சி கம்மி என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார். பிடித்தால் நிற்பான், பிடித்தால் நடப்பான். விட்டால் கால் மடங்கி உட்கார்ந்துவிடுவான்.

"இல்லீங் டீச்சர், விட்டா உழுந்துருவானுங்க."

"சரி, விழட்டும்."

மண்டி போட்டு உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்திருந்த என் விரல்களை அவரே ஒவ்வொன்றாகப் பிரித்தார். கோபமாக அல்ல, ஈரத்தில் ஒட்டிப்போன துணியைப் பிரிப்பதுபோல. பிரவீன் ஒரு மூச்சு நேரம் தனியாக நின்றான். பிறகு விழுந்தான். நான் பதறிக் குனிவதற்குள் டீச்சரும் அவன் பக்கத்தில் பொத்தென்று குப்புற விழுந்தார். கன்னத்தை மண்ணில் வைத்து அவன் முகத்தையே பார்த்தார். அழுவதற்காக வாயைத் திறந்தவன் அப்படியே நிறுத்திவிட்டான். ஐம்பதை நெருங்குகிற ஒரு பொம்பளை, ஸ்வெட்டரும் கேன்வாஸ் ஷூவுமாக ஈர மண்ணில் கிடந்து அவனைப் பார்த்துக் கண்ணடித்தால் அவன்தான் என்ன செய்வான்? சிரித்தான். சிரித்துக்கொண்டே டீச்சரின் தோளைப் பிடித்து எழுந்தான்.

"பார்த்தீங்களா, எந்திரிச்சிட்டான்" என்றார். "நீங்க தூக்கியிருந்தா இது நடந்திருக்காது."

எங்கள் மளிகைக் கடை கட்டபெட்டு பஸ் ஸ்டாப்புக்கு எதிரில். என் மாமனார் காரமடைப் பக்கமிருந்து மலையேறி வந்து வைத்த கடை. கடைக்கு மேலேயே வீடு. கடையிலிருந்து வீட்டுக்குப் படி, வீட்டிலிருந்து ரோட்டுக்குப் படி, ரோட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். கால் நிலையில்லாத பிள்ளைக்கு இந்த மலையில் நடக்க இடமே இல்லை என்பது எனக்கு அதுவரை உறைத்ததில்லை. நான் பாட்டுக்குத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

டீச்சருக்கு அது உறைத்திருந்தது. சமதரை தேடி அவர் ரொம்ப நாள் அலைந்திருக்கிறார். ஊர் மைதானங்களில் பெரிய பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடங்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றன. கடைசியில் எங்கள் கடைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தின் மேனேஜர்தான் பெரட்டுக் களத்தைக் கொடுத்தார். காலையில் தொழிலாளிகள் பேர் கொடுக்க வந்து வரிசையில் நிற்கிற இடம் அது. பேர் கொடுத்து முடிந்ததும் எல்லோரும் கொழுந்து பறிக்க மேலே போய்விடுவார்கள். அதற்குப் பிறகு சாயந்தரம் வரை களம் காலி. சனிக்கிழமைதோறும் அங்கேதான் எங்கள் பிள்ளைகள் விளையாடினார்கள். எல்லாம் சின்னதுகள். ஏழு வயதுக்கு மேல் யாருமில்லை.

டீச்சர் வெலிங்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு, இந்த மாதிரிப் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே விளையாட வைப்பது எப்படி என்று எங்கேயோ போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். "நடக்கவே வராத புள்ளைக்கு வெளையாட்டு வேறயா?" என்று எங்கள் சொந்தக்காரர்கள் சிரித்ததை நான் அவரிடமே சொல்லியிருக்கிறேன். "நடக்க வரட்டும், அப்புறம் விளையாடலாம்னா ரெண்டுமே வராது. விளையாடும்போதுதான் அவனுக்கு நடக்கறதே மறந்துபோகும். அப்ப நடந்துருவான்" என்றார்.

அவரிடம் இருந்த சாமான்களைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வராது. கலர் கலராகச் சில மெல்லிய துணிகள். மேலே வீசினால் மெதுவாக இறங்கும், பிள்ளைகள் பிடிக்க வேண்டும். தோட்டத்துக் குழாயை வளைத்துக் கட்டிய வளையங்கள். ஒரு பலகை. டீ ஃபாக்டரிக் கழிவுத் தூளைப் பழைய துணியில் அடைத்துத் தைத்த கைப்பிடி அளவுப் பைகள். எறிந்து பிடிக்க. அதைத் தொட்ட கையெல்லாம் டீ வாசம் அடிக்கும். அப்புறம் ஒரு நீளக் கயிறு. அது பிள்ளைகளுக்கானது அல்ல, அம்மாக்களுக்கு. களத்தின் ஓரத்தில் கயிற்றைப் போட்டு அதற்கு அந்தப் பக்கம் எங்களை நிறுத்திவிடுவார். யாராவது தாண்டினால், "அம்மா அவுட்!" என்று கத்துவார். பிள்ளைகளுக்கு அதுதான் ரொம்பப் பிடித்த விளையாட்டு.

பாவம் என்று யாராவது சொன்னால் களத்தை ஒரு சுற்று ஓட வேண்டும் என்பது இன்னொரு சட்டம். ஒருமுறை மேனேஜரே வந்து பார்த்துவிட்டு, "பாவம், நல்லாதான் பண்றாங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். டீச்சர் அவரையும் விடவில்லை. தொப்பையைப் பிடித்துக்கொண்டு மேனேஜர் ஓடியதைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து புரண்டன.

கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். ஊதவே மாட்டார். ஆரம்ப நாள் ஒன்றில் ஊதியபோது ஒரு பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நடுங்கிவிட்டதாம். அதோடு நிறுத்திவிட்டார். "அப்பறம் எதுக்குங்க டீச்சர் மாட்டிக்கிட்டுத் திரியறீங்க?" என்று கேட்டேன். "பி.டி. டீச்சருக்கு இது இல்லேன்னா கழுத்து குளிருமுங்க" என்றார்.

பிள்ளைகளுக்கு முன்னால் அவர் எப்போதும் பின்னோக்கித்தான் நடப்பார். இரண்டு கையையும் விரித்து, முகத்தைப் பிள்ளைக்குக் காட்டிக்கொண்டு பின்னாலேயே போவார். பிள்ளை கையை எட்டிப் பிடிக்கப் பார்க்கும். பிடிக்கிற நேரத்தில் இன்னும் ஒரு எட்டுப் பின்னால் வைப்பார். பார்த்துக்கொண்டிருக்கும் நாங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் முணுமுணுப்போம். கொடுத்துத் தொலைத்தால் என்ன? ஆனால் அந்தக் கைக்காகத்தான் என் மகன் களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முதல்முறையாக நடந்தான். போய்ச் சேர்ந்ததும் அவர் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அடி அடி என்று அடித்தான். அவ்வளவு கோபம். டீச்சர் அடியை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கயிற்றைத் தாண்டி ஓடினேன். அன்றைக்கு மட்டும் என்னை அவுட் என்று சொல்லவில்லை.

ஒருமுறை குன்னூர் போக பிரவீனோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். டீச்சரும் வந்து சேர்ந்தார். பஸ் வந்ததும் நான் அவனைத் தூக்கப் போனேன். "கைய விடுங்க" என்றார். பிரவீன் முதல் படியில் ஒரு காலை வைத்தான். கம்பியைத் தேடினான். கண்டுபிடித்தான். அடுத்த காலை வைக்கலாமா என்று யோசித்தான். பஸ்ஸில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"தூக்கி ஏத்துங்கம்மா, டைம் ஆகுது" என்றார் கண்டக்டர்.

"மேட்டுல உங்க பஸ் மொனகிக்கிட்டு ஏறுது. நாங்க எறங்கித் தூக்குறமா? ஏறட்டும்னு ஒக்காந்திருக்கோம் இல்ல?" என்றார் டீச்சர்.

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டார். அதற்குள் பிரவீன் ஏறிப் போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான்.

அவர் ஏன் இப்படி இருக்கிறார் என்பது வெலிங்டனில் அவர் வீட்டுக்குப் போன அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தீபாவளிப் பலகாரம் கொடுக்கப் போயிருந்தேன். ஜன்னல் ஓரக் கட்டிலில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நரைத்த தாடி. கம்பளிக்கு வெளியே தெரிந்த கால்கள் மூங்கில் குச்சி மாதிரி இருந்தன. என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். நான் கொடுத்தேன். பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. டீச்சர் டீ போட்டுக்கொண்டு வரும் வரை என் கை அவர் கையிலேயே இருந்தது.

"என் தம்பி. பிரவீன் மாதிரிதான்" என்றார் டீச்சர். "இவன் நடந்ததே கிடையாது. நடக்க முடியாதுன்னு இல்ல. எங்கம்மா விட்டதில்ல. விழுந்துருவான், அடிபட்டுரும்னு எந்நேரமும் கையப் பிடிச்சிக்கிட்டே இருந்தாங்க. அவ்வளவு பாசம். அவங்க போனப்பவும் இவன் கையதான் பிடிச்சிக்கிட்டு இருந்தாங்க. நாங்கதான் பிரிச்சி எடுத்தோம்."

சொல்லிக்கொண்டே என் கையிலிருந்து தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பெரட்டுக் களத்தில் என் விரல்களைப் பிரித்த அதே பிரிப்பு. அன்றிலிருந்து அவர் கைய விடுங்க என்று சொல்லும்போதெல்லாம், எங்கள் யாரையும் பார்க்காமல் அந்தக் கட்டிலைப் பார்த்துச் சொல்வதுபோல இருக்கும்.

நித்யாவை நான்தான் களத்துக்கு அழைத்துப் போனேன். தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு அவளுடையது. அவள் அம்மா சரோஜா கொழுந்து பறிக்கிறவள். அவள் பெற்றோர் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள். சரோஜா எங்கள் கடையில்தான் சாமான் வாங்குவாள். அவள் வேலைக்குப் போனதும் நித்யா வாசலில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டு அம்மா பார்த்துக்கொள்வார். பார்த்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. வைத்த இடத்தில் இருப்பாள். காலையில் பார்த்தாலும் அங்கேதான், சாயந்தரம் பார்த்தாலும் அங்கேதான். ஐந்து வயது.

"டீச்சர் ஒருத்தங்க வர்றாங்க, கூட்டிட்டுப் போட்டுங்களா?" என்று கேட்டேன்.

"கூட்டிப் போங்கக்கா. புள்ள நாலு புள்ளைய பாத்தாப் போதும்" என்றாள் சரோஜா. அவளுக்குச் சனிக்கிழமையும் வேலை. வர முடியாது.

நித்யா ஒரு மழைக்காலம் முழுக்க யாருக்கும் மசியவில்லை. கலர்த் துணி பறந்தால் பார்ப்பாள், கை நீட்ட மாட்டாள். பலகை, வளையம், பந்து எதுவும் அவளை எழுப்பவில்லை. டீச்சர் மிருக விளையாட்டு ஒன்று வைத்திருந்தார். தவளை என்றால் குதிக்க வேண்டும், கரடி என்றால் நாலு காலில் நடக்க வேண்டும். ஒருநாள் களத்துக்குக் கீழே தேயிலைக்குள் காட்டெருமைகள் நின்றன. எங்கள் பக்கம் அது சாதாரணம். பார்த்தால் ஒதுங்கிப் போவோம். நித்யா அதுவரை எதையும் அப்படிப் பார்த்ததில்லை. விரலை நீட்டினாள். டீச்சர் அந்த விரலைப் பார்த்துவிட்டார்.

அடுத்த வாரம் புது மிருகம் சேர்ந்தது. காட்டெருமை. தலையைக் குனிந்துகொண்டு வந்து டீச்சர் வயிற்றில் முட்ட வேண்டும். முட்டினால் டீச்சர் ஐயோ அம்மா என்று மல்லாக்க விழுவார். மற்ற பிள்ளைகள் முட்டுவதை உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்த நித்யா, ஒரு சனிக்கிழமை கையை ஊன்றி எழுந்தாள். தலையைக் குனிந்தாள். நான்கைந்து எட்டுத் தள்ளாடிப் போய் முட்டினாள். டீச்சர் விழுந்தார். விழுந்தவர் உடனே எழுந்திருக்கவில்லை. முகத்தை ஸ்வெட்டர் கையால் மூடிக்கொண்டு கிடந்தார்.

அதற்குப் பிறகு நித்யாவை நிறுத்த முடியவில்லை. நடந்தாள். சீக்கிரமே ஓடவும் ஆரம்பித்தாள். ஓடும்போது அவள் போடுகிற சத்தம் ஃபாக்டரி வரை கேட்கும். சாக்கு வாசலில் காலியாகக் கிடந்தது. சரோஜா கடைக்கு வந்து, "எம்புள்ள கால் வலிக்குதுன்னு தைலம் கேக்குதுக்கா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். கால்வலிக்கு யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

அது நடந்தது சனிக்கிழமை அல்ல. டீச்சர் அன்றைக்கு மலையின் இந்தப் பக்கமே வரவில்லை. மத்தியானமே மேகம் இறங்கி விட்டு விட்டு மூடிக்கொண்டிருந்தது. லயத்துக்குக் கீழே தேயிலைக்குள் ஒற்றைக் காட்டெருமை ஒன்று வந்து நின்றிருக்கிறது. கூட்டத்தோடு இருப்பதைவிட ஒற்றைதான் மோசம். பக்கத்து வீட்டு அம்மா துணி எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் நித்யா வாசலைவிட்டு இறங்கியிருக்கிறாள்.

நாங்கள் போனபோது சரோஜா வீட்டு வாசலில் கூட்டம். நானும் டீச்சரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவரை நான்தான் போன் செய்து வரவழைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார். "கத்துனேன். காது கேக்காத மாரி ஓடுச்சு. செடிக்கு ஊடால, தலையக் குனிஞ்சிக்கிட்டு ஓடுச்சும்மா. எதுக்குத் தலையக் குனிஞ்சிச்சுன்னே தெரியல."

நான் டீச்சரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவர் மூச்சு மட்டும் கேட்டது.

சரோஜா எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினாள்.

"வச்ச எடத்துல இருந்த புள்ள டீச்சர். நடக்காம இருந்திருந்தா எம்புள்ள இருந்திருக்கும்."

டீச்சர் தலையை ஆட்டினார். ஆமாம் என்பதுபோல.

அந்த வார்த்தை மலை முழுக்கப் பரவியது. யாரும் டீச்சரைத் திட்டவில்லை. ஆனால் ஒவ்வொருவராக வருவது நின்றது. ஒரு பிள்ளைக்குச் சளி, ஒரு பிள்ளைக்கு ஊருக்குப் போகிற வேலை. நான் பிரவீனைக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். அவன் சனிக்கிழமை காலையில் ஷூவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் நான் என்ன சொல்லி நிறுத்துவது?

டீச்சர் வந்தார். சாமான்களைப் பரப்பினார். ஆனால் முன்போலப் பின்னோக்கி நடக்கவில்லை. பிள்ளைகள் பக்கத்தில் நடந்தார், கையைப் பிடித்துக்கொண்டு. கயிறு பைக்குள்ளேயே இருந்தது. நாங்கள் களத்துக்குள் வந்து நின்றாலும் அவர் அவுட் என்று கத்தவில்லை. கீழே தேயிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கிளை அசைந்தாலும் பேச்சு நின்றுவிடும்.

ஒரு சனிக்கிழமை பிரவீனின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பந்து உருண்டு போனது. அவன் இழுத்தான். அவர் விடவில்லை. "வலிக்கி" என்றான். அவன் கையே சிவந்துவிட்டது. ஒரு உதறு உதறிக்கொண்டு பந்துக்குப் பின்னால் ஓடினான். களத்தின் ஓரத்தில் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. அவன் அதற்குள் போய்விட்டான்.

அப்போதுதான் அந்த விசிலின் சத்தத்தைக் கேட்டேன். டீச்சர் ஊதினார், ஊதினார், நிறுத்தாமல் ஊதினார். கன்னமெல்லாம் சிவந்து, கண் பிதுங்கி. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அலறின. பிரவீன் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு மேகத்திலிருந்து வெளியே வந்தான். பயந்துபோய் எனக்குப் பின்னால் ஒளிந்தான். டீச்சரைப் பார்த்து ஒளிந்தான்.

அவர் விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டார். பலகையையும் வளையங்களையும் ஃபாக்டரி ஷெட்டில் வைத்தார். அதற்கு அடுத்த சனிக்கிழமை வரவில்லை.

இப்போது பிரவீனுக்கு மீசை வந்துவிட்டது. கடையில் அப்பாவுக்கு ஒத்தாசை. லயத்து வீடுகளுக்கு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவனே படியேறிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறான். எல்லோருக்கும் அவனைத் தெரியும். மேகம் இறங்கிய நாளில் அவன் கிளம்பினால், வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வரும். சொல்ல மாட்டேன். படியில் நின்று அவன் சட்டைக் கலர் கரைகிற வரை பார்ப்பேன். அவன் திரும்பி வருகிற வரை எனக்கு அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். திரும்பி வந்து, "குடுத்துட்டேன்" என்பான். இருபது வருஷமாக மலையில் இருக்கிறேன், இன்னும் மேகத்தைப் பார்த்தால் என் கை தானாக மூடிக்கொள்கிறது.

டீச்சர் தம்பியைக் கூட்டிக்கொண்டு சமவெளிக்கு இறங்கிவிட்டார். எங்கே இருக்கிறார் என்று சரியாகத் தெரியாது. போன் நம்பர் மாறிவிட்டது. ஆனால் போவதற்கு முன்னால் ஒருமுறை வந்தார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நாள்தான்.

நித்யா போய் வருஷம் திரும்பியிருந்தது. சரோஜா கடைக்கு வந்து சாமான் எதுவும் கேட்காமல் நின்றாள்.

"அந்த டீச்சர வரச் சொல்றீங்களாக்கா?"

"எதுக்கு சரோஜா?"

"ஒண்ணு கேக்கணும்."

நான் பயந்துகொண்டேதான் போன் செய்தேன். ஏன், எதற்கு என்று டீச்சர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. ஒரு முழங்காலில் துணிப்பட்டை கட்டியிருந்தார். மூன்று பேரும் பெரட்டுக் களத்துக்குப் போனோம். சரோஜாதான் அங்கே போகலாம் என்றாள். வாரம் ஆறு நாள் அவள் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிற இடம். ஞாயிற்றுக்கிழமை யாருமில்லை.

டீச்சர் அவள் முந்திக்கொள்ள விடவில்லை. ரொம்ப நாள் வாய்க்குள் வைத்திருந்ததைத் துப்புவதுபோலச் சொன்னார்.

"எருமை மாதிரி தலையக் குனிஞ்சி முட்டற விளையாட்டு, அத நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன் சரோஜா. உங்ககிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. இவங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்."

சரோஜா களத்து மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கும் தெரியும் டீச்சர். வேலை முடிஞ்சி வந்தா, கூடைய எறக்கறதுக்குள்ள என் வயித்துல வந்து முட்டும். நான் உழுந்து காட்டணும். உழுந்தாத்தான் விடும்." தன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "யாரு சொல்லிக் குடுத்தான்னா, டீச்சருங்கும்."

டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். சரோஜாவும் உட்கார்ந்தாள்.

"அதக் கேக்க வரல. லயத்துல ஓட எடம் ஏது? வாசல், வாய்க்கா, படி. அங்க நாலு எட்டு வைக்கும், அவ்வளவுதான். சனிக்கெழம நான் மேல மலையில நிப்பேன். இங்க கை தட்டுறது கேக்கும். அது கத்துறதும் கேக்கும். மரம் மறைச்சிக்கும், பாக்க முடியாது. இதுதான் எம்புள்ள சத்தம்னு பக்கத்து ஆளுங்ககிட்ட சொல்லுவேன்." அவள் நிமிர்ந்தாள். "எம்புள்ள ஓடி நான் பாத்ததே இல்ல டீச்சர். எப்படி ஓடும்?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சொல்வதற்கு என்ன இருக்கிறது? வேகமாக ஓடுவாள், நன்றாக ஓடுவாள் என்றா?

டீச்சர் எழுந்தார். முழங்கால் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நீங்க இங்கேயே நில்லுங்க. அவளுக்கு ஓடறப்ப நிக்க வராது. ஓடத்தான் கத்துக்கிட்டா. நிக்க அப்புறம் கத்துக்குடுக்கலாம்னு இருந்தேன். யார் மேலயாவது வந்து மோதித்தான் நிப்பா."

களத்தின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி நின்றார். தலையை இடது பக்கம் சாய்த்துக்கொண்டார். ஒரு கையை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இன்னொரு கையை மேலே தூக்கி விரல்களை விரித்தார். வாயைத் திறந்தார். அங்கே நிற்பது டீச்சர் இல்லை.

ஓடினார். இரண்டு எட்டு, ஒரு சின்னக் குதி. இரண்டு எட்டு, ஒரு சின்னக் குதி. வலது கால் உள்ளே திரும்பி விழுந்தது. தூக்கிய கை காற்றில் எதையோ பிடிக்கப்போவதுபோல அலைந்தது. பாதிக் களத்தில் அந்தச் சத்தத்தையும் போட்டார். ஒற்றை எழுத்து, நீளமாக, மேலே ஏறிக்கொண்டே போகிற சத்தம். நரைத்த தலையும் ஸ்வெட்டருமாக ஒரு வயதான பொம்பளை அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தார். நான் நித்யாவைத்தான் பார்த்தேன்.

சரோஜா கையை விரித்தாள். டீச்சர் நிற்கவில்லை. முழு வேகத்தில் வந்து அவள்மேல் மோதினார். சரோஜா இரண்டு எட்டுப் பின்னால் போய், விழாமல் ஊன்றி, அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. ஒருவர் தோளில் ஒருவர் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். ஃபாக்டரிப் பக்கமிருந்து ஒரு நாய் குரைத்தது.

கொஞ்ச நேரம் கழித்து சரோஜா கைகளைத் தளர்த்தினாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொருக்கா ஓடுறீங்களா டீச்சர்?" என்றாள்.

டீச்சர் தலையாட்டிவிட்டு, நொண்டிக்கொண்டே அந்தக் கோடிக்கு நடந்தார்.